அடைத்த கதவும் அளித்த சான்றிதழும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய பாணன் வீட்டு அடுக்களையை நமக்குக் காட்டுகிறார். கூரை இற்று வீழ்ந்த அடுக்களை அது. அங்கே, பசியால் மெலிந்த பாணன் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கிறாள். அயலார் கண்டால் இகழ்வரே என்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு அமர்ந்து அதனை உண்கிறாள். இக்காட்சியை இலக்கிய மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். உள்ளம் உருகிக் கைதட்டியும் இருக்கிறோம். ஆயின், அந்த அடைத்த கதவு நம் தங்கவயலில் இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் நம் ஊரில் நடைபெறும் கைவினை, தோட்டக்கலை, இல்லச் சமையல் பயிலரங்குகளைப் பற்றியே இக்கட்டுரை எழுதுகிறேன். பெங்களூரில் குடியேறிய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்பும் நாட்கள் அவை. அப்போது பத்து நாள் பயிலரங்கு என்று அறிவிப்பு வருகிறது, பந்தல் எழுகிறது, நிழற்படம் எடுக்கிறார்கள், சான்றிதழ் வழங்குகிறார்கள். இவை வேண்டா என்று நான் வாதிட வரவில்லை. இவை தலைகீழாக நடக்கின்றன என்றே வாதிடுகிறேன். அறிந்தவரைப் பாயில் உட்காரவைத்து, அறியாதவர் நாற்காலியில் அமர்ந்து கற்பிக்கும் விந்தை இங்கே ஆண்டுதோறும் அரங்கேறுகிறது.

என் வீட்டுச் செய்தியையே முதற்சான்றாக வைக்கிறேன். என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன், அதாவது பாறை சரியாதபடி மரத்தாங்கல் அமைப்பவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது எனக்கு வயது இருபத்தொன்று. சில ஆண்டுகள் கழித்துச் சுரங்கக் குடும்பப் பெண்களுக்கென ஒரு கோடைப் பயிலரங்கு நடந்தது. நடத்தியவர் யாரென்று எழுதமாட்டேன். குற்றம் ஒருவருடையது அன்று, ஒரு பழக்கத்தினுடையது. என் தாயாரும் சென்றார். கற்பிக்க வந்த பெண்பிள்ளை படித்தவள், பணிவானவள். மூன்றாம் நாள் கேழ்வரகு உணவு பற்றிய பாடம். “அம்மா, இதுக்கு முன்னாடி கேழ்வரகுல ஏதாவது செஞ்சிருக்கீங்களா?” என்று அவள் கேட்டாள். “முப்பது வருசமா களி கிண்டறேன் கண்ணு” என்றார் என் தாயார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. பாடம் தொடர்ந்தது.

அன்று கிளறிய மாவு கட்டி தட்டிவிட்டது. என் தாயார் எழுந்து சென்று, அடுப்பைத் தணித்து, கொதிநீரில் மாவைக் குவியலாக விட்டு, நடுவே துடுப்பால் குழி செய்து, ஆவி மேலெழும் வரை பொறுத்து, பிறகு கிண்டிக் காட்டினார். அப்பிள்ளை அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பத்தாம் நாள் என் தாயாருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது: கேழ்வரகு உணவு தயாரிப்பில் அவர் பயிற்சி பெற்றாராம்! பயிற்சி பெற்றவர் யார், அளித்தவர் யார் என்பதை அந்தத் தாளில் எழுதத் துணிந்தவர் இல்லை. என் தாயார் அதனை அரிசிப் பானையின் மூடிக்கு மேல் வைத்து, அதன் மீது ஒரு கல்லை வைத்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

சிறு செய்திதானே என்பார் சிலர். இதன் பின்னே நிற்கும் எண்ணம் சிறியதன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த நம் முன்னோர், ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880களில் தொடங்கிய சுரங்கங்களில் உடலை விற்றார்கள். மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், பாறையே அனல் கக்கும் இடத்தில் வேலை செய்தார்கள். அவர்களுக்கு உடல்வலிமை மட்டுமே உண்டு, அறிவு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று அன்றைய துரைமார் எண்ணினார்கள். துரைமார் போய்விட்டார்கள். சுரங்கமும் போய்விட்டது. அந்த எண்ணம் மட்டும் பயிலரங்குப் பந்தலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது.

முதலில் சமையலை எடுத்துக்கொள்வோம். ஒரு சமூகத்தின் அடுக்களை ஏட்டில் ஏறினால் அது நிலைபெறும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ ஒரு சாராரின் சைவச் சமையலை அளவு பிசகாமல் எழுதிவைத்தது. பிறந்தகம் விட்டுத் தொலைவில் வாழப் போன எத்தனையோ பெண்களுக்கு அது தாயின் இடத்தில் நின்று உதவியது. நம் தங்கவயலிலேயே பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார், இங்கு வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரின் உணவு முறைகளை நூல் நூலாக எழுதினார். சமையல் வகுப்புகளும் நடத்தினார். இருவரையும் நான் போற்றுகிறேன். என் கேள்வி வேறு. தங்கவயலின் மக்களுள் பெரும்பகுதியாக இருந்த லைன் வீட்டுத் தமிழரின் அடுக்களையை எழுதியவர் யார்?

எழுதத்தக்கது ஒன்றும் அங்கே இல்லையா? முதல் ஷிப்டுச் சங்கு ஊதுமுன் எழுந்து கிண்டிய களி; கொள்ளை வேகவைத்து இறுத்த சாறு; மார்கழியில் அவரையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் வைத்த குழம்பு; அண்டை வீட்டுக் கன்னடத்தாரிடம் கற்ற பஸ்ஸாறு; துரை வீட்டில் சமையல் வேலை பார்த்த பாட்டனார் வழியே கிறிஸ்துமசுக்கு வந்துசேர்ந்த கல்கல். மூன்று மொழியும் நான்கு சமயமும் ஓர் அடுப்பில் வெந்த உணவு இது. எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துக் கொடுக்காத ஒப்பிலக்கியம் என்று இதனைச் சொல்லலாம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ‘தமிழர் பாரம்பரிய உணவு’ என்ற பெயரில் நடக்கும் சமையல் நாட்களில் சாம்பார், வற்றற்குழம்பு, பொங்கல் ஆகியவையே வருகின்றன. கருவாடு வாராது. ஆட்டுக்குடல் வாராது. லைன் வீடுகளில் கொடி கட்டிக் காயவைத்த மாட்டிறைச்சிக் கண்டம் பற்றிப் பேச்சே எழாது. அவ்வாறு தடுப்பவர் அயலார் அல்லர், நம்மவரே. “வெளியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், நமக்கு மதிப்புக் குறைவு” என்பது அவர்கள் சொல்லும் காரணம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் பாணனுக்கு இடப்படும் விருந்தில் ‘வாடூன்’ வருகிறது. அதுவும் உலர்த்திய இறைச்சியே. மேடையில் வாடூன் என்றால் பண்பாடு. அடுக்களையில் கண்டம் என்றால் அவமானமோ? சங்க இலக்கியத்தில் மணக்கும் உணவு சாம்பியன் ரீஃப் லைனில் மட்டும் நாறுவது எதனால்? சாதி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு விடை இருப்பின், அறிந்தோர் கூறட்டும்.

எல்லோரும் எல்லாவற்றையும் உண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்ணாதவர் உண்ணாதிருக்கலாம், அவர்க்கெனத் தனி நாள், தனி அடுப்பு அமைக்கலாம். ஒரு பாதி மக்கள் தங்கள் வீட்டுச் சமையலைச் சொல்ல நாணிக் கதவடைக்கும்படி ஒரு தமிழ்ப் பயிலரங்கு நடத்தல் ஆகாது. மராத்தியத்தில் ஷாஹு பாடோளே தம் மக்களின் உணவைத் தயங்காமல் எழுதினார். 2015இல் வந்த அந்நூல் 2024இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவருக்கு மதிப்புக் குறையவில்லை, கூடிற்று.

தோட்டக்கலைக்கு வருவோம். பயிலரங்கில் கற்பிப்பது மாடித்தோட்டம். தகடும் ஓடும் வேய்ந்த லைன் வீட்டுக்கு மாடி ஏது? நெகிழிப் பையும் தென்னைநார்க் கட்டியும் விதைப் பொட்டலமும் விலைக்கு வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆயா ஒன்றையும் விலைக்கு வாங்கியதில்லை. குளித்த நீர் ஓடும் வாய்க்காலோரம் முருங்கையும் பப்பாளியும், தட்டி மேல் அவரைக் கொடியும், சாம்பல் கலந்து கலயத்தில் மூடிய விதையுமாக ஒரு முழு வேளாண்மையை நான்கு முழ இடத்தில் நடத்தினார். தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் எந்தச் செடிக்கு எந்த நீர் போதும் என்பதே முதற்பாடம் ஆகும். அந்தப் பாடத்தை நடத்தத் தகுதியுடையவர்கள் பாயில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நம் ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளைப் பற்றி அத்தோட்டக்கலை வகுப்பில் ஒரு சொல்லும் வருவதில்லை. நூறாண்டுக்கு மேல் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண் 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கிடக்கிறது. அவற்றை மீண்டும் சலித்துப் பொன்னெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது. ஆடிக்காற்றில் அந்த மண் நம் கூரை மேலும் கீரை மேலும் படிகிறது. ஆகவே எந்த இடத்தில் கீரை விதைக்கலாம், எங்கு விதைக்கலாகாது என்பதை மண்ணைச் சோதித்த பிறகன்றோ சொல்ல வேண்டும்? கோலாரில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அறிவு நமக்கு மெய்யாகவே தேவைப்படும் இடம் இதுதான். களி கிண்டக் கற்றுத்தர ஆள் அனுப்புகிறவர்கள் மண்ணைச் சோதிக்க ஆள் அனுப்புவதில்லை.

கைவினையும் அவ்வாறே. காகிதப் பூவும் கண்ணாடிப் புட்டியில் வண்ணம் தீட்டுதலும் கற்பிக்கிறார்கள். பிள்ளைகள் மகிழ்கிறார்கள்; மகிழட்டும். ஆயின் அதே தெருவில், கூடத்துக்கு வெளியே, மரத்தின் முனகலைக் கேட்டே பாறையின் பாரத்தை அறிந்த முதியவர் அமர்ந்திருக்கிறார். துளைக்கருவியின் முனையை உலையிலிட்டுப் பதம் பார்த்துத் தீட்டியவர் இருக்கிறார். இரும்புக் கயிற்றைப் பிரித்து மீண்டும் முறுக்கி இணைத்தவர் இருக்கிறார். வெடிமருந்துப் பெட்டியின் பலகையைக் கொண்டு என் தந்தையார் ஆணியில்லாமல் செய்த அலமாரியில்தான் என் பள்ளிப் புத்தகங்கள் இருந்தன. இன்றும் அது ஆடவில்லை. அந்தப் பொருத்தை எப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் 2014இல் காலமானார். அலமாரி இருக்கிறது, அறிவு போயிற்று. பி.ஏ. படித்த என் அறியாமையை இங்கு ஒப்புக்கொள்கிறேன். நம்முள் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்!

இனி, எனக்கு எதிராக எழக்கூடிய வாதங்களை மறைக்காமல் எடுத்துரைக்கிறேன்.

“இது குலக்கல்வி அன்றோ?” என்பது முதல் வாதம், வலுவான வாதமும் ஆகும். 1953இல் இராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் வகுத்தது. பெரியார் முதலானோர் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது முற்றிலும் சரியே. இன்றேல் என் போன்றோர் அலுவலக நாற்காலியைக் கண்டிருக்க மாட்டோம். ஆனால் குலக்கல்வியின் கொடுமை எதில் இருந்தது? கையால் செய்யும் வேலையில் அன்று. மகன் தகப்பனைத் தாண்டக்கூடாது என்று கட்டியதில் இருந்தது. நான் கேட்பது, எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த முதியவரிடமும் கற்கலாம் என்பது. கற்றபின் மருத்துவராகவோ பொறியாளராகவோ போகலாம் என்பது. குலக்கல்வி தொழிலாளியின் மகனைத் தொழிலாளியாக நிறுத்த முயன்றது. நான் தொழிலாளியை ஆசிரியராக உயர்த்தச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றாகுமா?

“சமையலுக்கும் தோட்டத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு? நாம் இலக்கியம் வளர்க்கக் கூடியவர்கள்” என்பது இரண்டாம் வாதம். ஆற்றுப்படை நூல்களில் நிலம்தோறும் உணவு மாறுவதைப் புலவர்கள் பாடினார்களே, அவர்கள் இலக்கியம் வளர்க்கவில்லையா? துடுப்பு, குழி, கண்டம், பிதுக்குதல், பதம், பொருத்து என்ற சொற்களெல்லாம் எந்த மொழி? செய்யும் கை ஓய்ந்தால் சொல்லும் வாயும் ஓய்ந்துவிடும். கன்னட நாட்டில் மூன்றாம், நான்காம் தலைமுறையாக வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழைத் தாளில் மட்டும் கொடுத்தால் அது தேர்வோடு முடியும்; கையோடு கொடுத்தால் வாழ்வோடு நிற்கும்.

“வருமானத்துக்கு வழி காட்டத்தானே இப்பயிற்சிகள்” என்பது மூன்றாம் வாதம். இதில் உண்மை உண்டு. உறையிட்டு முத்திரை வைத்தல், உணவு விற்பனை உரிமம் பெறுதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றை என் தாயார் அப்பயிலரங்கில்தான் கற்றார். அதற்கு நன்றி. அவற்றைக் கற்பிக்கட்டும். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் பெங்களூரின் பெரிய விடுதிகளில் எல்லாம் கேழ்வரகு ஏறியது. அந்த விலையில் கிண்டியவளுக்கு என்ன பங்கு வந்தது? அறிவு யாருடையது என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் கூலி யாருக்கு என்பதைப் பேச முடியும்.

“இது நடக்கிற காரியமா?” என்று ஐயுறுவோர் தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் பார்க்கட்டும். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பலர், தங்கள் சிறுதானிய விதைகளைத் தாங்களே காத்தார்கள். ஆண்டுதோறும் மாட்டுவண்டிகளில் விதைகளை அலங்கரித்து ஊர் ஊராகச் சென்று விழா எடுத்து மற்ற உழவர்க்குக் கற்பித்தார்கள். 2008 முதல் தமக்கென வானொலி நிலையமும் நடத்தினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் பயிற்சி பெற்றவர்களாக அன்றி, பயிற்சி அளித்தவர்களாக உலகுக்கு அறிமுகமானார்கள்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டா. நம் ஊர் வரலாறே போதும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்தபின், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் இத்தங்கவயலிலிருந்து நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து நூல்களை வெளியிட்டது. வெளியூர் அறிஞர் வந்து கற்பிக்கட்டும் என்று சுரங்கத் தொழிலாளர் காத்திருக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்த கையோடு தாமே படித்தார்கள், தாமே பேசினார்கள், தாமே அச்சிட்டார்கள். அவர்களின் பேரர் நாம். நமக்குக் களி கிண்டக் கற்பிக்கிறார்கள். நாமும் சான்றிதழ் பெற்றுக்கொண்டு கைதட்டுகிறோம்!

ஆகவே அடுத்த பயிலரங்குக்கு என் கோரிக்கைகள் இவை. வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தால், அவருக்குப் பக்கத்தில் நம் லைனிலிருந்து ஒருவர் சம நாற்காலியில் ஆசிரியராக அமர வேண்டும். இருவர்க்கும் சம ஊதியம் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்லப்பட்டதை நம் இளைஞர் சொன்னவர் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். அது இம்மலரில் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். எந்த வீட்டு உணவையும் பட்டியலிலிருந்து விலக்கலாகாது. மண்ணைச் சோதிக்காமல் தோட்டக்கலை வகுப்புத் தொடங்கலாகாது. காலத்தையும் பள்ளி விடுமுறை மட்டும் குறிக்காமல் பயிர் குறிக்கட்டும்: தையில் அவரை, பங்குனியில் புளி, வைகாசியில் சீனிவாசபுரத்து மாங்காய் ஊறுகாய், ஆடியில் விதை மாற்றம், கார்த்திகையில் புதுக் கேழ்வரகு. கற்பித்த முதியவர்க்குச் சான்றிதழ் தந்தால், அதில் ‘ஆசிரியர்’ என்று எழுதித் தர வேண்டும்.

காலம் நமக்காகக் காத்திராது. சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. நாள்தோறும் விடியலில் பெங்களூர் ரயிலேறி இரவில் திரும்பும் என் போன்றோர் அவர்களிடம் உட்கார்ந்து கேட்க ஒரு மணி நேரமும் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு சாவிலும் ஒரு பாடநூல் புதைகிறது. பூமிக்குள் கிடந்த பொன்னைப் பிறர்க்கு எடுத்துக் கொடுத்த ஊர் இது. நம் வீட்டுக்குள் கிடப்பதை நமக்கென எடுத்துக்கொள்ள இனியும் தயங்குவோமா?

என் தாயாருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அரிசிப் பானையின் மேல் அந்தச் சான்றிதழ் இன்னும் இருக்கிறது. வரும் மே மாதம் பந்தலுக்கு அவரை நானே அழைத்து வருவேன். பாயில் அமர்த்த அல்ல. விழாக்குழுவினர் ஒரு நாற்காலியை எடுத்துவைக்க வேண்டுகிறேன்.